மின்கட்டணத்தை முடிவு செய்வது யார்: ஆணையமா, வாரியமா, அரசா?

தெற்குவாசல் (இழையைத் தொடங்கியவர்)

2025 ஜூலை 1 முதல் 3.16 சதவீத உயர்வு என்றார்கள். வீடுகளுக்கு அந்தச் சுமையை அரசே ஏற்கும், தொழிற்சாலைகளுக்கும் பெரிய வணிக இணைப்புகளுக்கும் உயர்வு உண்டு என்றும் சொன்னார்கள். யார் உயர்த்தியது என்று கேட்டால் ஆட்சியில் இருப்பவர்கள் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தைக் கைகாட்டுகிறார்கள். ஆணையத்தின் உத்தரவு 2022 செப்டம்பர் 9 அன்று பிறப்பித்த பழைய ஆணையைக் கைகாட்டுகிறது. அந்த ஆணையோ மின்வாரியம் கொடுத்த மனுவைக் கைகாட்டுகிறது. சுற்றிச் சுற்றி வந்தும் ஆளைப் பிடிக்க முடியவில்லை.

2022 ஆகஸ்டில் மதுரையில் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். பேசியவர்களில் உயர்வை வரவேற்றவர் யாரும் நினைவில் இல்லை. மூன்று வாரத்தில் உயர்வு வந்துவிட்டது. இந்தக் கூட்டம் வெறும் சடங்கா? ஆணையம் என்று ஒன்று எதற்காக இருக்கிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

பேரேடு

மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1998இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 1999 மார்ச்சில் தமிழ்நாட்டு ஆணையம் அமைந்தது. அதற்கு முன்பு கட்டணம் கோட்டையில் முடிவாகும், அவ்வளவுதான். ஒடிசா நமக்கு முன்பே, 1996லேயே, தனி ஆணையம் வைத்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம்.

அதன் 64ஆம் பிரிவுப்படி விநியோக நிறுவனம், அதாவது நம் மின்வாரியம், மனுத் தாக்கல் செய்ய வேண்டும், சுருக்கத்தைப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்ட பிறகு ஆணையம் 120 நாட்களுக்குள் ஆணையிட வேண்டும். ஆணையத்தில் ஒரு தலைவர், இரண்டு உறுப்பினர்கள். 

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஆணையம் முதலில் முடிவு செய்வது யூனிட் விலையை அல்ல, செலவை. நிலக்கரி வாங்கிய செலவு, தனியாரிடம் மின்சாரம் வாங்கிய செலவு, சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி, தேய்மானம், கம்பியில் இழந்த மின்சாரம் என்று எல்லாவற்றையும் நிறுவனம் எழுதிக்கொண்டு வரும். எது நியாயம், எதை நுகர்வோர் தலையில் ஏற்றக் கூடாது என்று வரிவரியாக வெட்டுவதுதான் ஆணையத்தின் உண்மையான வேலை. அப்படித் தேறிய தொகைக்குப் பெயர் மொத்த வருவாய்த் தேவை. அதைப் பிரித்துப் பார்க்கும்போது வருவதுதான் நம் பில்லில் இருக்கும் விலை.

ஆகவே கூட்டத்தில் போய் "உயர்த்தாதே" என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது. "இந்தச் செலவை ஏன் ஏற்கிறீர்கள்?" என்று கேட்பவருக்கு மட்டுமே ஆணையம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

குறிச்சி லேத்

பேரேடு ஐயா சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. எங்கள் அனுபவம் வேறு. 2022 ஆணையில் சிறு தொழில்களுக்கு நிலைக் கட்டணத்தை, அதாவது மெஷின் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய தொகையை, ஏற்றினார்கள். உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் என்றார்கள். காலையிலும் மாலையிலும் மெஷினை ஓட்டாமல் இருந்தால் லேத் பட்டறைக்கு ஏது பிழைப்பு? கோவைக் கருத்துக் கேட்பில் எங்கள் ஆட்கள் பேசினார்கள். எதுவும் நடக்கவில்லை. பிறகு சங்கங்கள் போராடின, கோட்டைக்கு மனுப் போனது, முதலமைச்சர் அறிவித்தார். 25 சதவீதம் 15 ஆனது.

ஆணையம் குறைக்கவில்லை, அரசு குறைத்தது. அப்படியானால் அடுத்த முறை நாங்கள் யாரிடம் போக வேண்டும்? எங்களுக்கு விடை தெரிந்துவிட்டது.

சட்டப்படி

வழக்கறிஞர் என்ற முறையில் எழுதுகிறேன். இரண்டு பிரிவுகளைப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

108ஆம் பிரிவு: பொதுநலன் சார்ந்த கொள்கை விஷயங்களில் மாநில அரசு ஆணையத்துக்கு எழுத்து மூலம் அறிவுறுத்தலாம். எது "கொள்கை" என்பதில் சச்சரவு வந்தால் அரசின் முடிவே இறுதி. இந்த ஒரு வாசகத்தில்தான் ஆணையத்தின் சுதந்திரம் கசிகிறது. ஆனால் பிரிவு அதோடு நிற்கிறது. விலை இவ்வளவு என்று அரசே நிர்ணயிக்க அதில் இடமில்லை.

65ஆம் பிரிவு: யாருக்காவது குறைந்த விலையில் மின்சாரம் கொடுக்க அரசு விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் அந்தப் பணத்தை நிறுவனத்துக்கு முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்தச் சலுகை செல்லாது, ஆணையம் நிர்ணயித்த விலையே வசூலிக்கப்படும்.

வீட்டு பில்லில் இதை நேரடியாகப் பார்க்கலாம். 2022 விலையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம். இதில் ஆணையத்தின் பங்கு 8 ரூபாய் மட்டுமே, அதுதான் அந்த யூனிட்டின் விலை. மிச்சமுள்ள 225 ரூபாய், 101 முதல் 200 யூனிட் வரை அரசு கொடுத்துவந்த பாதி விலை மானியம். 500ஐத் தாண்டியதும் அதை அரசு நிறுத்திக்கொள்கிறது. ஏசி வைத்திருக்கும் வீடுகளில் கோடையில் வரும் கோபமெல்லாம் இந்த 225 ரூபாயைச் சுற்றியதுதான். அதை ஆணையத்திடம் காட்டிப் பயனில்லை.

தெற்குவாசல்

இது எனக்குப் புதிது. நன்றி. ஆனால் 3.16 எங்கிருந்து வந்தது? எந்தச் செலவை வெட்டி, எதை ஏற்று அந்த எண் வந்தது?

பேரேடு

எந்தச் செலவையும் பார்க்கவில்லை. அதுதான் சங்கதி.

2022 ஆணை 2026-27 வரைக்குமான பல்லாண்டு ஆணை. அதில் ஒரு சூத்திரம் வைத்தார்கள். ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏறிய அளவுக்கு, அல்லது 6 சதவீதம், இரண்டில் எது குறைவோ அந்த அளவுக்கு விலை தானாக ஏறும். 2024 ஏப்ரலில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 4.83 சதவீதம், அந்த ஆண்டு மின்கட்டண உயர்வும் 4.83. 2025 ஏப்ரலில் பணவீக்கம் 3.16, உயர்வும் 3.16. 2023இல் 4.7 வந்திருக்க வேண்டும். ஒப்பிடும் மாதத்தை மாற்றி 2.18 ஆக்கினார்கள்.

இந்த உயர்வுகளுக்கு அடிப்படையான அந்தக் குறியீட்டில் அப்போது கிட்டத்தட்ட 46 சதவீதம் உணவும் பானமுமாக இருந்தது. தக்காளியும் பருப்பும் ஏறினால் லேத் பட்டறையின் மின்கட்டணம் ஏறும். மின்வாரியத்தின் செலவை நிர்ணயிப்பது நிலக்கரியும் வட்டியும் மின்கொள்முதலும். இரண்டுக்கும் சம்பந்தம் மெல்லிய நூல் அளவுதான்.

இந்தச் சூத்திரத்துக்கு ஆதரவாகவும் பேச இடமிருக்கிறது. ஐந்தாண்டு சும்மா இருந்துவிட்டு ஒரே அடியாக உயர்த்துவதைவிடச் சிறுகச் சிறுக ஏற்றுவது மேல் என்பார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆண்டுதோறும் செலவைக் கிளறிக் கேள்வி கேட்கும் வாய்ப்பு இதில் போய்விட்டது. ஜூலையில் வருவது கூட்டிக் கழித்துப் போட்ட ஓர் எண். அதற்குக் கருத்துக் கேட்புக் கூட்டமும் கிடையாது.

குறிச்சி லேத்

அப்படியானால் ஆணையம் தூங்கியது என்று நேராகச் சொல்லிவிடலாமே.

பேரேடு

அதைவிட நீண்ட தூக்கம் ஒன்று இருந்தது. அதைத்தான் நான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். ஏனென்றால் இன்றைக்கு நாம் கட்டும் விலையின் வேர் அங்கே இருக்கிறது.

ஆணையத்தின் முதல் கட்டண ஆணை 2003 மார்ச்சில் வந்தது. அடுத்தது 2010 ஜூலை 31. நடுவில் ஏழாண்டு. நிலக்கரி விலை ஏறியது, சம்பளம் ஏறியது, புதிய மின்நிலையம் வராததால் வெளியில் அதிக விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. மனுப் போடவேண்டிய வாரியம் போடவில்லை. தானாக முன்வந்து கணக்கைக் கேட்கவேண்டிய ஆணையமும் கேட்கவில்லை. நுகர்வோர் மகிழ்ச்சியாக இருந்தார்கள், எந்த ஆட்சியும் அதைக் கெடுக்க விரும்பவில்லை. பற்றாக்குறையைக் கடன் வாங்கி அடைத்தோம். கணக்குப் பிரிவில் உட்கார்ந்து அந்தக் கடன்களுக்கு வட்டி போட்டவர்களில் நானும் ஒருவன்.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததல்ல. 2011 தொடக்கத்தில் மத்திய மின்துறை இதைப் பற்றி, ஆணையங்களின் ஆணைகளை எதிர்த்து முறையிடும் இடமான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குக் கடிதம் எழுதியது. தீர்ப்பாயம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டு 2011 நவம்பர் 11 அன்று எல்லா மாநில ஆணையங்களுக்கும் உத்தரவிட்டது: நிறுவனம் உரிய காலத்தில் மனுப் போடாவிட்டால் நீங்களே நடவடிக்கையைத் தொடங்குங்கள். அதன் பிறகு 2012 மார்ச் 30 அன்று சராசரியாக 37 சதவீத உயர்வு வந்தது. 2014 டிசம்பரில் வாரியம் மனுப் போடாமலே ஆணையம் தானாக ஆணையிட்டது. 2017க்குப் பிறகு மறுபடி ஐந்தாண்டு இடைவெளி.

இதற்கிடையே கணக்கில் ஒரு வரி வளர்ந்துகொண்டே வந்தது. அதை "ஒழுங்குமுறைச் சொத்து" என்பார்கள். செலவு நியாயம்தான் என்று ஆணையம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் இந்த ஆண்டே வசூலித்தால் மக்கள் தாங்க மாட்டார்கள் என்று தள்ளிவைக்கும். மளிகைக் கடைப் பற்று நோட்டில் எழுதுவது போலத்தான், வட்டியும் உண்டு. 2017 ஜனவரியில், மின்விநியோக நிறுவனங்களின் கடனைச் சீரமைக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் சேர்ந்தபோது மாநில அரசு வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அப்படியும் பள்ளம் மூடவில்லை.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இந்தப் பற்று நோட்டைக் கையில் எடுத்தது. டெல்லி நிறுவனங்களின் வழக்குதான், ஆனால் தீர்ப்பு எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும். ஏற்கெனவே இருக்கும் ஒழுங்குமுறைச் சொத்தை 2024 ஏப்ரல் 1 முதல் ஏழாண்டுக்குள் தீர்க்க வேண்டும். ஆணையங்கள் தங்கள் கடமையில் தவறியதையும் நீதிமன்றம் சொல்லிக்காட்டியது. அந்தப் பணம் வானத்திலிருந்து விழாது. கட்டணத்தில் வரும், இல்லாவிட்டால் வரிப்பணத்தில் வரும்.

மின்பளு

நான் பொறியியல் பக்கம். ஐயா விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். ஆணையம் செலவை வெட்டும்போது கம்பி இழப்புக்கு ஓர் இலக்கு வைக்கும். அதற்கு மேல் இழந்தால் நிறுவனமே பொறுப்பு. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் இழப்பு எவ்வளவு என்று அளப்பது எப்படி? விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. மாதிரிக்குச் சிலவற்றை அளந்து மற்றவற்றுக்குக் கணக்குப் போடுகிறார்கள். விவசாயத்துக்கு அதிகம் போனதாக எழுதினால் கம்பி இழப்பு தானாகக் குறைந்துவிடும். சட்டத்தின் 55ஆம் பிரிவு மீட்டர் இல்லாமல் மின்சாரம் தரக் கூடாது என்கிறது. ஆணையம் ஒவ்வொரு ஆணையிலும் மீட்டர் பொருத்தச் சொல்கிறது, அடுத்த ஆணையில் அதையே மறுபடி சொல்கிறது.

கரிசல்காடு

கடைசியில் விவசாயி தலையில் வந்து நிற்கும் என்று முதல் பதிவிலிருந்தே எதிர்பார்த்தேன். தம்பி, 1990 முதல் இலவசம் என்பது அரசின் முடிவு. அதற்கு அரசு மானியம் கட்டுகிறது. வழக்கறிஞர் சொன்ன 65ஆம் பிரிவு அதற்கும் சேர்த்துத்தானே? மீட்டர் மாட்டினால் நாளைக்குப் பணம் கேட்பார்கள் என்ற அச்சம் எங்களுக்கு இருக்கிறது. அச்சம் காரணமில்லாமல் வரவில்லை.

மூன்று முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் எழுந்து மோட்டார் போடுகிறோம். அதற்கு எந்த ஆணையமும் இழப்பீடு தந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

மின்பளு

அண்ணா, உங்களைக் குறை சொல்லவில்லை. மின்மாற்றியில் ஒரு மீட்டர் வைத்தால் போதும், கிணற்றுக் கிணறு வைக்க வேண்டாம். எண் தெரியாமல் இருப்பதால் ஆதாயம் யாருக்கு என்பதுதான் என் கேள்வி. நிச்சயமாக உங்களுக்கு இல்லை.

கரிசல்காடு

மின்மாற்றியில் வைப்பதற்கு எங்களிடம் எதிர்ப்பு இல்லை. அதை ஏன் இன்னும் முழுக்கச் செய்யவில்லை என்று கேளுங்கள்.

வன்னிக்காற்று

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கதையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இங்கே இருப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம். ஆணைக்குழுவின் தலைவர் அதை வெளிப்படையாக எதிர்த்தார். அவர் எதிர்த்தபடியே இருக்க உயர்வு நடைமுறைக்கு வந்தது. 2023 மே 24ஆம் திகதி பாராளுமன்றம் 123க்கு 77 என்ற வாக்குகளால் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது.

ஆனால் அதோடு ஆணைக்குழு செத்துவிடவில்லை. 2025 ஜனவரியில் மின்சார சபை கட்டணத்தை மாற்ற வேண்டாம் என்று கேட்டது. ஆணைக்குழு செலவுக் கணக்கைப் பார்த்து 20 சதவீதம் குறைத்தது. ஜூனில் 15 சதவீதம் கூட்டியது. குறைத்தது பிழை என்போரும் இங்கு உண்டு. எப்படியோ, கேட்டதை அப்படியே கொடுக்காமல் கணக்கைப் பார்த்து முடிவெடுத்தார்கள்.

குறிச்சி லேத்

பதவியே போகும் அளவுக்கு அந்தத் தலைவர் எதிர்த்தாரே, அதையே பெரிதாக நினைக்கிறேன்.

சட்டப்படி

எதிர்ப்பது ஆணையத் தலைவரின் வேலையல்ல, கணக்குப்படி முடிவெடுப்பதே வேலை. அதில் வன்னிக்காற்று சொன்ன இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இங்கே நியமனத்தைப் பற்றியும் ஒரு வரி. தேர்வுக் குழுவுக்கு உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர் தலைமை, தலைமைச் செயலர் ஓர் உறுப்பினர். நியமிப்பது மாநில அரசு. அதாவது ஒரே அரசு நிறுவனத்தின் முதலாளியாகவும், அதைக் கண்காணிப்பவர்களை நியமிப்பவராகவும் இருக்கிறது. ஆணையத்தில் சட்டம் படித்த உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022இல் அந்த இடம் காலியாக இருந்தபோதுதான் கட்டண மனு விசாரணைக்கு வந்தது. நூற்பாலைகள் தரப்பு வழக்குப் போட, மதுரைக் கிளையில் தனி நீதிபதி இறுதி ஆணை பிறப்பிக்கக் கூடாது என்றார். இரு நீதிபதிகள் அமர்வு சில நாட்களில் அந்தத் தடையை அகற்றியது. அதன் பிறகே செப்டம்பர் 9 ஆணை.

அடுக்ககம்

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். எங்கள் குடியிருப்பில் படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டார், லிப்ட் எல்லாம் பொது மீட்டரில் ஓடுகின்றன. 2022இல் அதைத் தனி வகையாக்கி யூனிட் 8 ரூபாய் என்றார்கள். 2023 அக்டோபரில் 10 வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு மட்டும் 5.50 ஆகக் குறைத்தார்கள். எங்களிடம் லிப்ட் இருக்கிறது, வயதானவர்கள் அதிகம். லிப்ட் இருந்தால் பணக்காரர்கள் என்று யார் முடிவு செய்தது? இதற்கு எங்கே புகார் கொடுப்பது? குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாமா?

சட்டப்படி

அம்மா, இதற்கு மன்றம் பயன்படாது. மன்றம் விலையை மாற்றாது. உங்கள் இணைப்பைத் தவறான வகையில் சேர்த்திருந்தால், மீட்டர் ஓட்டம் தவறாக இருந்தால், புதிய இணைப்பைத் தாமதித்தால் அங்கே போகலாம். ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் ஒன்று உண்டு. தலைவர் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளரே என்பதால் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். திருப்தி இல்லையென்றால் சென்னை கிண்டியில் மின்குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. புதிய இணைப்புத் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய், அதிகபட்சம் 1,000 ரூபாய் இழப்பீடு என்று 2004 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. கேட்பவர்கள் மிகக் குறைவு.

உங்கள் பிரச்சினை வகைப்பாடு பற்றியது. அது கட்டண ஆணையில்தான் மாறும்.

பேரேடு

வழக்கறிஞர் சொன்னது சரி. அடுக்ககம் அம்மாவுக்கும் தெற்குவாசலுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்தப் பல்லாண்டு ஆணையின் காலம் 2026-27 உடன் முடிகிறது. அதற்கடுத்த காலத்துக்கு முழு மனு வந்தாக வேண்டும், கூட்டமும் நடக்க வேண்டும். மனு ஆணையத்தின் இணையதளத்தில் வரும், பல நூறு பக்கம் இருக்கும். முழுதும் படிக்க வேண்டாம். உங்கள் வகைக்கு ஒரு யூனிட் கொடுக்க ஆகும் சராசரிச் செலவு எவ்வளவு, உங்களிடம் வாங்குவது எவ்வளவு என்ற அட்டவணை மட்டும் போதும். வாங்குவது கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் எந்த வகையின் பற்றாக்குறையை நிரப்பப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். 61ஆம் பிரிவு இந்த இடைவெளியைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது, அதையும் குறிப்பிடுங்கள். லிப்ட் உள்ள குடியிருப்புகளைப் பிரித்ததற்கு என்ன அடிப்படை என்பது இரண்டாவது கேள்வி. ஆட்சேபத்தைக் கடைசித் தேதிக்கு முன் அனுப்பினால் நிறுவனம் அதற்குப் பதில் தர வேண்டும், ஆணையில் இரண்டும் அச்சாகும். பதில் மழுப்பலாக இருந்தால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு அதுவே ஆதாரம்.

லேத்துக்காரர் தம்பிக்கு: கோட்டைக்குப் போவதை நான் தடுக்கவில்லை. ஆனால் அங்கே கிடைத்த சலுகை அடுத்த ஆட்சியில் போகலாம். இரண்டு கதவையும் தட்டுங்கள்.

குறிச்சி லேத்

எங்கள் சங்கத்தில் அட்டவணை படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். பட்டறைகளின் பில்களை ஒன்றாகச் சேர்த்து அவரிடம் கொடுக்கிறேன். ஐயா, வரைவை அனுப்பினால் பார்த்துத் தருவீர்களா?

பேரேடு

தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஓய்வூதியச் செலவைப் பற்றி மட்டும் கேள்வி எழுப்பாதீர்கள், அது என் சோறு.

தெற்குவாசல்

சிரித்துவிட்டேன் ஐயா. மதுரைக் கூட்டத்துக்கு இந்த முறை எழுத்தோடு போகிறேன். மின்பளு, அந்த மின்மாற்றி மீட்டர் விஷயத்தைக் கரிசல்காடு அண்ணனோடு சேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். விவசாயியும் பொறியாளரும் ஒரே கேள்வியைக் கேட்டால் நிறுவனம் என்ன பதில் சொல்கிறது என்று பார்க்க ஆசை.